பனியில் எந்த கேமரா? காசிமேட்டு ஐஸும் நெய்யூர் டாக்டரும்

"அண்ணே, மணாலி போறோம். பளீர்னு வெயில், சுத்தி பனி. அதுல வீடியோ எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?" என்று ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? எங்கள் ஊரில் 'பனி' என்றால் மார்கழி மாதம் விடிகாலையில் மோட்டார் சைக்கிள் சீட்டை நனைத்து வைக்கும் சமாச்சாரம். வெள்ளை வெளேரென்று மலை மேல் கிடக்கும் பனியை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் காஷ்மீருக்குப் போய் எடுத்த தமிழ்ப் படம் என்று சொல்லப்படும் 'தேன் நிலவு' 1961-ல் வந்தது. ஸ்ரீதர் இயக்கம், வின்சென்ட் ஒளிப்பதிவு, கறுப்பு வெள்ளை. எங்கள் தலைமுறைக்குப் பனி என்றால் 1992-ல் வந்த 'ரோஜா'. காஷ்மீரில் அப்போது எடுக்க முடியாத நிலைமை என்பதால் சந்தோஷ் சிவன் மணாலிப் பக்கம் எடுத்த காட்சிகள் அவை.

ஆனால் கேள்வி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளை வாங்கும் முன்னால் ரிவ்யூ படிப்பதற்குப் பதில், அந்தப் பிரச்சினையை முதலில் சந்தித்தவன் என்ன செய்தான் என்று தேடிப் போவது. அப்படித் தேடியதில் 1922-க்கும் 1924-க்கும் போய்ச் சேர்ந்தேன். எவரெஸ்ட்டுக்குப் போன இரண்டு பிரிட்டிஷ் குழுக்கள், இரண்டு விதமான கேமராக்கள். அந்தக் கதை சுற்றி வளைத்து நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் வந்து நின்றது.

அதற்கு முன் காசிமேடு.

பனி இல்லாத ஊரில் பனியைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. கடலுக்குக் கிளம்பும் போட்டுகளுக்காக ஐஸ் பார்களை மெஷினில் போட்டு நொறுக்கிக் கொட்டுவார்கள். காலை பத்து மணி வெயிலில் அந்தக் குவியலைப் பார்த்தால் கண் கூசும். மொபைலை வைத்து எடுத்துக் கொண்டிருந்தேன். கூடை தூக்கிக்கொண்டு போன ஒருவர் நின்று, "இன்னாண்ணா, இவ்ளோ மீனு கீது, ஐஸப் போயி எடுத்துனுகீற?" என்றார். நியாயமான கேள்விதான்.

எடுத்ததில் என்ன வந்தது? ஐஸ் குவியல் மட்டும் ஃபிரேமை நிறைத்தபோது அது வெள்ளையாக வரவில்லை. அழுக்கு சாம்பல் நிறம். எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கிடக்குமே, கிட்டத்தட்ட அது மாதிரி. கூடைக்காரரின் முகம் உள்ளே வந்ததும் முகம் கறுத்துப் போய் நிழலுருவமாகத் தெரிந்தது. முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்தால் முகம் தெரிந்தது, ஐஸ் மொத்தமும் வெந்து ஒரே வெள்ளைப் பூச்சாகிவிட்டது. அவர் நடந்து விலகியதும் நடு வீடியோவில் வெளிச்சம் தானாகக் கூடிக் குறைந்தது. மணாலிக்குப் போகிறவர் எதிர்கொள்ளப் போவதும் இதேதான். என்ன, குவியலுக்குப் பதில் மலை.

காரணம் எளிது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது பனியா, கரியா, எருமையா என்று தெரியாது. உலகத்தில் இருக்கும் சராசரிக் காட்சி, விழும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்ற ஓர் அனுமானத்தில் அது வேலை செய்கிறது. அதாவது நடுத்தர சாம்பல். புதிதாக விழுந்த பனியோ 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா" என்று கேமரா மிரண்டு தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. வெள்ளை, சாம்பல் ஆகிறது. அதனால்தான் பனியில் எடுப்பவர்கள் மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டி வைப்பார்கள். (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு.) மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களில் படம் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. உப்பும் இதே வேலையைத்தான் காட்டும்.

ஆக முதல் விதி கேமரா வாங்கும் முன்பே தெரிந்துவிட்டது. எக்ஸ்போஷரைக் கையால் வைக்கவும், வைத்ததைப் பூட்டவும் முடியாத கேமரா பனிக்கு ஆகாது. விலை எவ்வளவாக இருந்தாலும் சரி.

இப்போது நூறு வருஷம் பின்னால் போவோம்.

ஜான் நோயல் என்று ஒரு ராணுவ கேப்டன். 1913-லேயே திபெத்துக்குள் மாறுவேடத்தில் நுழைந்து, எவரெஸ்ட்டுக்கு 40 மைல் தூரம்வரை போய் வந்த ஆள். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் அவர்தான் சினிமா கேமராக்காரர். 1924-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பயணத்தின் திரைப்பட, புகைப்பட உரிமை முழுவதையும் 8,000 பவுண்டுக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். பயணத்தின் செலவில் கணிசமான பகுதி அதிலிருந்தே வந்தது. படம் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். ஆகவே கேமராவை அவர் விளையாட்டாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அவர் எடுத்துப் போனது நியூமன் சின்க்ளேர் கம்பெனியின் 35 மி.மீ. கேமரா. அதைச் செய்த ஆர்தர் நியூமன், பயணம் போகிறவர்களுக்கு ஏற்றபடி கேமராவை மாற்றிக் கொடுப்பதில் பேர் வாங்கியவர். மர உடலுக்குப் பதில் லேசான அலுமினியக் கலவை. குளிரில் எண்ணெய் இறுகிப் போய் பல்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும் என்பதால், எண்ணெயே தேவைப்படாத பேரிங்குகள். கண் வைத்துப் பார்க்கும் இடத்தைச் சுற்றி ரப்பர், இல்லாவிட்டால் முகத்தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இது கற்பனை பயம் இல்லை. 1910-ல் கேப்டன் ஸ்காட்டோடு அண்டார்ட்டிகா போன ஹெர்பர்ட் போன்ட்டிங், கேமராவில் ஃபிலிமை மாட்டிக்கொண்டிருக்கும்போது நாக்கு நுனி உலோகத்தில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோலோடு வந்தது. அவர் கொண்டுபோனவற்றில் நியூமன் செய்த கேமராவும் உண்டு. ஒருத்தர் நாக்கில் பட்ட அனுபவம் அடுத்தவர் கேமராவில் ரப்பராக வந்து சேர்ந்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் மென்பொருள் தொழிலிலும் இப்படித்தான். எல்லா 'ஃபீச்சர்'களுக்கும் பின்னால் எவனோ ஒருவன் பட்ட பாடு இருக்கும்.

அடுத்தது ஃபிலிம். குளிரில் ஃபிலிம் மொறுமொறுப்பாகி ஒடியும். காற்று காய்ந்து கிடப்பதால் சுருளை வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் உண்டாகி, உள்ளேயே பொறி பறந்து, ஃபிலிமில் மின்னல் கீற்று மாதிரி கோடு விழும். அதனால் கையால் சுற்றும்போது ரொம்ப நிதானம் வேண்டும். 1922-ல் நோயல் மலையடிவாரத்தில் ஒரு கூடாரத்தையே இருட்டறையாக்கி ஃபிலிமைக் கழுவினார். 1924-ல் டார்ஜிலிங்கில் ஒரு லேப் கட்டி, எடுத்த சுருளை ஆள் மூலம் அங்கே அனுப்பினார். கழுவிப் பார்த்தால்தானே வெளிச்சக் கணக்கு சரியா என்று தெரியும்? இன்று நாம் எடுத்த நொடியில் திரையில் பார்த்துவிடுகிறோம். அவருக்கு அந்தப் பதில் வந்துசேர நாள்கணக்கில் ஆகும்.

ஃபிலிமின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். அன்று புழக்கத்தில் இருந்த 'ஆர்த்தோ' வகை ஃபிலிமுக்கு சிவப்பு தெரியாது. நீலமும் புற ஊதாவும் அளவுக்கு மேல் தெரியும். உயரம் போகப் போகப் புற ஊதா கூடும். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே நம் கண்ணுக்குக் கருநீலமாகத் தெரியும் வானம், ஃபிலிமில் வெளுத்துப் போய் பனியோடு கலந்துவிடும். மலை எது, வானம் எது? இதற்கு மருந்து மஞ்சள் ஃபில்ட்டர். அது நீலத்தைத் தடுத்து வானத்தை இருட்டாக்கும், பனி மேலே எழுந்து நிற்கும்.

இதில் நான் ரசித்த விஷயம் ஒன்று. அன்றைய ஃபிலிம் மந்தமானது, வெளிச்சத்தை மெதுவாக வாங்கும். அதனால் பனியின் பேரொளி நோயலுக்கு அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. இன்றைய சென்சார்கள் இருட்டில் பூனையைக்கூட எடுக்கும், அதனாலேயே பனி வெயிலில் திணறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால், நொடியில் நூறில் ஒரு பங்குக்கு அப்பர்ச்சர் எஃப் 16 என்பது பழைய சூத்திரம். வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு வேண்டும். அப்படியானால் எஃப் 22. எஃப் 4-ல் எடுக்க ஆசைப்பட்டால் ஐந்து ஸ்டாப் அதிகம். பனி திருப்பி வீசும் வெளிச்சத்துக்கு இன்னும் ஒன்று. மொத்தம் ஆறு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும் என்.டி. ஃபில்ட்டர். மொபைலில் அது கிடையாது, அப்பர்ச்சரையும் பெரும்பாலும் மாற்ற முடியாது. அது என்ன செய்யும்? ஷட்டரை ஆயிரத்தில், நாலாயிரத்தில் ஒரு பங்கு என்று ஏற்றிவிடும். பனியில் சறுக்கிவரும் ஆள் வெட்டி வெட்டி ஒட்டிய மாதிரி துள்ளித் துள்ளி வருவார்.

உள்ளேயே என்.டி. ஃபில்ட்டர் வைத்த வீடியோ கேமராக்கள் இருக்கின்றன. விலை கூடுதல். இல்லாவிட்டால் லென்ஸ் முன்னால் திருகி மாட்டலாம். என்னைக் கேட்டால் 4கே-யா 8கே-யா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, இந்த ஃபில்ட்டருக்குப் பணம் ஒதுக்குவேன்.

ஃபிலிமுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் கொஞ்சம் கூடிப் போனாலும் வெள்ளைக்குள் விவரம் மிச்சம் இருக்கும். அச்செடுக்கும்போது மீட்டுவிடலாம். ரோஜா படத்துப் பனியில் மேடுபள்ளம் தெரிவதற்கு எடுத்தவரின் கைத்திறமையோடு நெகட்டிவின் இந்தத் தாராளமும் ஒரு காரணம். டிஜிட்டல் சென்சார் அப்படி இல்லை. ஒரு அளவைத் தாண்டினால் வாளி நிறைந்து வழிகிற மாதிரி. வழிந்தது போனதுதான், எந்த மென்பொருளாலும் திரும்ப எடுக்க முடியாது. மீட்டர் சொல்வதைவிடக் கூட்டி வை, ஆனால் வழிய விடாதே. பனியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை செய்ய வேண்டும். வழியும் இடங்களில் வரிக்குதிரை மாதிரி கோடு போட்டுக் காட்டும் 'ஸீப்ரா' வசதி கேமராவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அந்தக் கோட்டைப் பார்ப்பதற்குக் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரும் வேண்டும். பின்னால் இருக்கும் திரை பனி வெயிலில் ஒன்றும் தெரியாது. காசிமேட்டிலேயே எனக்கு என் முகம்தான் தெரிந்தது. நோயலின் கேமராவில் 20 அங்குல டெலிஃபோட்டோ லென்ஸ் மாட்டியிருந்தது. இன்றைய முழு ஃபிரேம் கேமராக் கணக்கில் கிட்டத்தட்ட 750 மி.மீ. அதற்குப் பக்கத்திலேயே குறி பார்ப்பதற்கு ஒரு சின்ன தொலைநோக்கியையும் பொருத்தியிருந்தார். பல கிலோமீட்டர் தள்ளி வெள்ளைச் சரிவில் எறும்பு மாதிரி போகும் மனிதர்களை அப்படித்தான் பிடித்தார்.

பேட்டரி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். குளிரில் லித்தியம் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். கூடுதலாக இரண்டு வாங்கி, சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, ஏ.சி. பஸ்ஸிலிருந்து சென்னை வெயிலுக்கு இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குமே, அதேதான் வெளிக்குளிரிலிருந்து கேமராவைச் சூடான ரூமுக்குள் கொண்டுவந்தால் நடக்கும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, உள்ளே கொண்டுவந்து, ரூம் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் பைக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

மிச்சம் இருப்பது எடை. இங்கேதான் நெய்யூர் டாக்டர் வருகிறார்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் குளச்சல் பக்கம். எவரெஸ்ட், சோமர்வெல் என்று நான் எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது, "யாரு, சாமர்வெல் டாக்டரா? எங்க பாட்டிக்கு வயித்துல ஆப்பரேஷன் பண்ணுனது அவராக்கும்!" என்றார். அவர் மலை ஏறியவர் என்பது அண்ணாச்சிக்குச் செய்தி. அவர் டாக்டராக நம் ஊரில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தார் என்பது எனக்குச் செய்தி.

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், 1890-ல் இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். குடும்பம் காலணி வியாபாரம். முதல் உலகப் போரில், சொம் போர்முனையில் ராணுவ சர்ஜனாக இருந்தவர். நோயலோடு 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் போனார். ஓவியர், சங்கீதமும் தெரியும். வழியில் கேட்ட திபெத்தியப் பாட்டுகளைக் குறித்துக்கொண்டு வந்தார், நோயலின் 1922 படத்தைத் திரையிட்டபோது வாசித்த இசைக்கு அது பயன்பட்டது. அந்த 1922 பயணம் ஏழு சுமைதூக்கிகள் பனிச்சரிவில் இறந்ததோடு முடிந்தது. அந்தச் சரிவில் சோமர்வெல்லும் இருந்தார், பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். வரிசையில் காத்திருந்த நோயாளிகள் எத்தனை பேர், டாக்டர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்துவிட்டு, லண்டனில் சர்ஜனாக முன்னேறும் வாய்ப்பை விட்டு நெய்யூருக்கு வேலைக்கு வந்துவிட்டார். 1924-ல் எவரெஸ்ட்டுக்குப் போனது நெய்யூர் டாக்டராகத்தான்.

அவர் சட்டைப்பையில் இருந்தது வெஸ்ட் பாக்கெட் கோடாக். 1912-ல் வந்த மடக்குக் கேமரா. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், எடை சுமார் கால் கிலோ. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் நிறையப் பேர் வைத்திருந்ததால் 'சிப்பாய் கேமரா' என்றே பேர். ஒரு சுருளில் எட்டுப் படம். ஷட்டர் வேகம் இருபத்தைந்தில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அப்பர்ச்சருக்கு ஒன்று முதல் நான்கு வரை எண்கள். அருகில் இருக்கும் ஆள், சாதாரணக் காட்சி, தூரக் காட்சி, கடைசியாக நான்காம் எண்ணுக்கு மேகமும் கடலும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். பனி என்று எழுதவில்லை. ஆனால் கடலைப் பார்த்து வளர்ந்த எவனுக்கும் புரியும், இரண்டும் ஒரே வகைக் கூச்சம்தான். காலை வெயிலில் ராயபுரம் கடலைப் பார்த்துப் படம் எடுக்க முயன்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இது சினிமா கேமரா இல்லைதான். ஆனாலும் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நோயலின் அருமையான கேமராவும் அதன் முக்காலியும் லென்ஸும் சுமைதூக்கிகளை நம்பியவை. அவர் அதை வடக்கு கணவாய் வரை, சுமார் 7,000 மீட்டர் உயரம் வரை கொண்டுபோனதே சாதனை. அதற்கு மேல் போனது சட்டைப்பைக் கேமராதான்.

1924 ஜூன் 4. சோமர்வெல்லும் நார்ட்டனும் ஆக்ஸிஜன் இல்லாமல் உச்சியை நோக்கிப் போனார்கள். சுமார் 28,000 அடியில் சோமர்வெல்லால் இருமலைத் தாங்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் தொடர்ந்து போய் 28,126 அடியில் திரும்பினார். சோமர்வெல் அவரைப் படம் எடுத்தார். சரிவான பாறையில் கால் வைத்துப் போகும் கறுத்த சின்ன உருவம். அந்த நாள்வரை பூமியில் நின்று அவ்வளவு உயரத்தில் யாரும் படம் எடுத்ததில்லை. மூச்சு முட்டும் நிலையில், ஒளிமானி இல்லாமல், நான்கு எண்களில் ஒன்றை வைத்து எடுத்த படம் அது. இறங்கும் வழியில் தொண்டையில் ஏதோ அடைத்து மூச்சு நின்றுபோய், சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தினார். அடைத்திருந்தது வெளியே வந்தது. பனியில் வெந்து கழன்றுபோன தொண்டைச் சதை.

நார்ட்டனுக்கு வேறு விபரீதம். போவது பாறை மேல், பனி மேல் இல்லையே, கண் கூசவில்லையே என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அன்றைக்கே பார்வை இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. ராத்திரி முழுக் குருடு, இரண்டு நாளுக்கும் மேல். புற ஊதா கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுடும். ஃபிலிமுக்கு மஞ்சள் ஃபில்ட்டர் எதற்கோ, மனிதனுக்குக் கறுப்புக் கண்ணாடியும் அதற்கே. மணாலி போகிறவர் கேமராவுக்கு ஃபில்ட்டர் வாங்கும்போது தன் கண்ணுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்த முயற்சி மல்லோரியும் இர்வினும். மல்லோரியிடம் கேமரா இல்லை. கீழே வந்த சோமர்வெல் தன் கோடாக்கைக் கொடுத்தார். ஜூன் 8 அன்று மதியம் 12.50-க்கு, மேகம் ஒரு நிமிஷம் விலகியபோது, கீழே இருந்து ஓடெல் என்ற புவியியலாளர் மேட்டில் இரண்டு கறும்புள்ளிகள் நகர்வதைப் பார்த்தார். மேகம் மூடிக்கொண்டது. அவர்களை அதற்குப் பிறகு யாரும் உயிரோடு பார்க்கவில்லை. நோயல் தன் டெலிஃபோட்டோ லென்ஸை உச்சியை நோக்கித் திருப்பிவைத்துக் காத்திருந்தார். இருபது அங்குல லென்ஸுக்கும் மேகத்தைத் தாண்டிப் பார்க்கத் தெரியாது.

அவர் கேமராவில் பதிந்தது வேறொன்று. ஜூன் 10 அன்று வடக்கு கணவாயில் இருந்தவர்கள் பனி மேல் போர்வைகளைச் சிலுவை மாதிரி விரித்தார்கள். இருவரும் இல்லை என்பதற்கு முன்கூட்டியே பேசிவைத்த அடையாளம். வெள்ளை மேல் கறுப்பு. வெளிச்சக் கணக்கு தப்பினாலும் தெளிவாக விழும் காட்சி அது ஒன்றுதான். நோயலின் படம் 'தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்' அந்த ஆண்டு டிசம்பரில் லண்டனில் திரைக்கு வந்தது. கூடவே திபெத்திலிருந்து லாமாக்களைக் கூட்டிவந்து மேடையில் ஆடவைத்ததில் திபெத் அரசு கோபித்துக்கொண்டு, 1933 வரை எவரெஸ்ட்டுக்கு அடுத்த குழு போக முடியவில்லை. விளம்பர உத்தி வினையாகிப் போன கதை, அதைத் தனியாக எழுத வேண்டும். படத்தை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2013-ல் சீர்செய்து வெளியிட்டது. பாருங்கள். நூறு வருஷப் பழைய பனி, அதில் நிழல் விழும் விதம், மேடும் பள்ளமும் எல்லாம் இருக்கிறது.

1999 மே 1 அன்று மல்லோரியின் உடலை கான்ராட் ஆங்கர் கண்டுபிடித்தார். கறுப்புக் கண்ணாடி சட்டைப்பைக்குள் இருந்தது. வெயில் சாய்ந்த பிறகு இறங்கிக்கொண்டிருந்திருக்கலாம் என்று சிலர் ஊகிப்பதற்கு அதுதான் ஆதாரம். கடிதங்கள் இருந்தன, உயரமானி இருந்தது. கேமரா இல்லை. 2024-ல் கீழே பனியாற்றில் இர்வினின் பெயர் தைத்த காலுறையும் பூட்ஸும் கிடைத்தன. அங்கேயும் கேமரா இல்லை. இருவரும் உச்சியைத் தொட்டார்களா, ஹிலாரிக்கும் டென்சிங்குக்கும் 29 வருஷம் முன்னாலேயே அது நடந்துவிட்டதா என்ற கேள்விக்கு அந்தக் கால் கிலோப் பெட்டிக்குள் பதில் இருக்கலாம். அந்தக் குளிரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கெடாமல் இருக்கும், கிடைத்தால் கழுவிப் பார்க்கலாம் என்று கோடாக் நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். வயிற்றுப் புண் அறுவை சிகிச்சையில் பெரிய கை என்று பேர் வாங்கினார், 1948-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்தினார். 1975-ல் இங்கிலாந்தில் இறந்தார். காரக்கோணத்தில் அவர் பேரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவலாகக் கொடுத்த கேமரா இன்னும் மேலேதான் எங்கோ கிடக்கிறது. அதற்குள் எட்டு ஃபிரேம்.